மூட்டுவாதமும் பிள்ளைகளும்: உங்கள் கேள்விகள்

பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா: 4 வயது மகளுக்கு முழங்கால் வீக்கம். கண் டாக்டரிடம் ஏன் அனுப்புகிறார்கள்? கண் நன்றாகத்தானே இருக்கிறது?

சிறார் மூட்டுவாதம் இருந்தால், சிவக்காமல், வலிக்காமல் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பரிசோதனை. தவறவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: பையனுக்கு எழுதித் தந்த மஞ்சள் மாத்திரையைத் தினமும் தரலாமா?

மஞ்சள் மாத்திரை என்றால் நான் என்ன சொல்ல? மருந்தின் பெயர், மில்லிகிராம், பிள்ளையின் எடை மூன்றையும் எழுத வேண்டாமா? மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் என்றால் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிழமையைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

நெல்லிக்குப்பம் அப்பா: 9 வயது மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ 400. ஒன்றரை வருடமாக 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. முழங்கால் வீக்கம் வடியவில்லை.

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. ஏஎஸ்ஓ ஏறியிருந்தால், சமீபத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் ஏறியிருக்கும். இந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சலுக்கு, அதாவது அந்தக் கிருமி தொண்டையில் தொற்றிய பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்க்கு. அதில் வலி ஒரு மூட்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவும், சில வாரத்தில் அடங்கிவிடும். ஒரே முழங்கால் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருக்கிறது, காலையில் விறைத்துப்போய் பிள்ளை படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறது, பத்து மணிக்கு மேல் ஓடி ஆடுகிறது என்றால், சிறார் மூட்டுவாதமா என்று பார்த்தே ஆக வேண்டும். போன மாதம் ஒரு சிறுமி வந்தாள். பை நிறைய ஊசிச் சீட்டு. முழங்கால் நீட்ட முடியாமல் மடங்கியே நின்றுவிட்டது. அவள் இழந்த இரண்டு வருடத்தை யார் திருப்பித் தருவது? சரி, நீங்கள் செய்ய வேண்டியது: இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்கள். வால்வில் பாதிப்பு இருந்தால் ஊசி கட்டாயம், நீங்களாக நிறுத்தவே கூடாது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மூட்டுவாதம் பார்க்கும் கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது. பக்கத்தில்தானே, பழைய சீட்டு எல்லாவற்றோடும் போங்கள்.

வில்லியனூர்: புளி, கத்தரிக்காய், தயிர் நிறுத்தவா?

வேண்டாம். வளரும் பிள்ளை, சாப்பிடட்டும்.

முதலியார்பேட்டை, வயது 21: ஆறு வயதிலிருந்து மருந்து. இப்போது வலி இல்லை. கல்யாணம் பேசுகிறார்கள். மருந்தை நிறுத்திவிடவா?

வலி இல்லாமல் இருப்பதே மருந்தால்தானோ என்னவோ, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும்போது கரு தரித்தால் குழந்தையைப் பாதிக்கும். தேதி குறிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாதம் முன்னதாக வேறு மருந்துக்கு மாற்றுவார். மாப்பிள்ளையையும் கூட்டிப்போங்கள். அப்புறம், கடைசியாகக் கண் பார்த்தது எப்போது?