கரடி எதிரே வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கரடியைக் கண்டதும் மரத்தில் ஏறிவிடலாமா?

ப: கூடாது. கருங்கரடி உங்களைவிட வேகமாக ஏறும். ஓடவும் ஓடாதீர்கள், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் துரத்தும்.

கே: பின்னங்காலில் எழுந்து நின்றது. தாக்கப் போகிறதா?

ப: பெரும்பாலும் இல்லை. யாரென்று பார்க்கிறது, மோப்பம் பிடிக்கிறது. நிதானமாகப் பேசிக்கொண்டே மெல்ல விலகுங்கள். ஓடாதீர்கள். காதை மடக்கி, பல்லை நறநறத்து, உஸ்ஸென்று மூச்சுவிட்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கே: செத்ததுபோல் படுக்க வேண்டுமா, திருப்பி அடிக்க வேண்டுமா?

ப: எந்தக் கரடி என்று எழுதாமல் கேட்டால் எப்படி? திடுக்கிட்டோ குட்டியைக் காக்கவோ பழுப்புக் கரடி மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுங்கள். கைகளைப் பிடரியில் கோத்து, கால்களை அகட்டி வையுங்கள். முதுகுப்பை முதுகிலேயே இருக்கட்டும். அது போன பிறகும் சில நிமிடம் அசையாதீர்கள். அமெரிக்கக் கருங்கரடி பாய்ந்தால் படுக்கவே படுக்காதீர்கள். கையில் கிடைத்ததை எடுத்து மூக்கிலும் முகத்திலும் அடியுங்கள். இரவில் கூடாரத்துக்குள் நுழைவது எந்தக் கரடியானாலும் இதேதான்.

கே: கரடி ஸ்ப்ரேயைக் கூடாரத்தின்மேல் அடித்து வைக்கலாமா?

ப: அது கொசு மருந்து அல்ல, கரடியின் முகத்தில் பீய்ச்சும் மிளகாய்க் காரம். காய்ந்தபின் அந்த வாசனையே கரடியை இழுக்கும். பாய்ந்து வரும் கரடி 10 மீட்டர் அளவில் நெருங்கும்போது முகத்துக்குச் சற்றுக் கீழே அடியுங்கள். டப்பா இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் அல்ல.

கே: முகாமுக்கு ஒரு குட்டி வந்தது. பாவமாக இருந்ததால் மிச்ச உணவைப் போட்டு வீடியோ எடுத்தோம். இதில் ஆபத்து உண்டா?

ப: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருகிறது. குட்டி தனியாக அலையாது. தாய் பக்கத்துப் புதரில் நின்றிருக்கும். நீங்கள் உயிரோடு திரும்பியது அதன் பொறுமையால். அந்தக் குட்டிக்குத்தான் பெரிய கேடு. மனிதர் இருந்தால் தீனி கிடைக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காது. அடுத்த முகாமில் கூடாரத்தைக் கிழிக்கும், கார்க் கதவைப் பெயர்க்கும். தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும். கடைசியில் சுட்டுக் கொல்வார்கள். உங்களிடம் வீடியோ இருக்கும்.

உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, குப்பை, வாசனையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். கரடி திறக்க முடியாத டப்பாவில் அடைத்து 100 மீட்டர் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது போட்டிருந்த உடையோடு படுக்காதீர்கள்.

கே: நாயைக் கூட்டிப் போகலாமா?

ப: கயிற்றில் கட்டினால் போகலாம். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டும். துரத்தினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், கரடியும் பின்னால் வரும். ஸ்ப்ரே எங்கே இருக்க வேண்டும்? இடுப்பில்.