கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் இழுக்கலாமா?

புது வீட்டில் இரண்டையும் ஒரே பைப்பில் விட்டால் செலவு மிச்சம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பூச்சு வேலை இன்னும் முடிந்திருக்காது என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்: லேனுக்குத் தனிக் காடி, தனிப் பைப்.

"எங்கள் வீட்டில் பல வருஷமாக ஒன்றாகத்தான் போகிறது, நெட் நன்றாகத்தான் வருகிறது" என்று கீழே யாராவது எழுதுவார்கள். வரும்தான். லேன் கேபிளுக்குள் கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பதே வெளி இரைச்சலைச் சமாளிக்கத்தான். நான் ஸ்பீடைப் பற்றிப் பேசவில்லை. பைப் வளைவில் இழுக்கும்போது கரண்ட் ஒயரின் தோல் உரிந்து லேன் கம்பியைத் தொட்டால், 230 வோல்ட் கடைசியில் ஜாக்கைச் செருகுகிறவர் கைக்குத்தான் வரும்.

திருப்பூரில் ஒரு பனியன் குடோனில் கேமரா பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அணைந்து அணைந்து வரும். முதலாளி கேமராவை மாற்றினார், நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினார், அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பைப்பைத் திறந்தேன். இல்லாவிட்டால் எவனாவது வந்து போட்டுவிடுவான். உள்ளே மூன்று பேஸ் ஒயரோடு, கேமராவுக்குக் கரண்டையும் கொண்டுபோகிற லேன் கேபிள் பின்னிக் கிடந்தது. அந்த லேன் கேபிளின் நுனியை உரித்துப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக இருக்கிறது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. கடையில் சிசிஏ என்பார்கள். அதில் மின்தடை அதிகம். இரவில் இருட்டில் படம் தெரிவதற்கான கேமராவின் ஐஆர் விளக்கு எரிந்ததும் கூடுதல் கரண்ட் இழுக்கும், நீளமான கேபிளில் வோல்டேஜ் இறங்கும், கேமரா படுத்துவிடும். 100 மீட்டர் வரை போகலாம் என்ற கணக்கெல்லாம் சுத்தச் செம்புக்குத்தான்.

கேபிளை மாற்றித் தனிப் பைப்பில் விட்டேன். சரியாகிவிட்டது. பில்லில் பாதிதான் வந்தது, "ஒயரைத்தானே மாற்றினீர்கள்?" என்றார். இதே மனிதர் வரவேற்பறை கிரானைட்டுக்குப் பேரமே பேசவில்லை. சுவருக்குள் மறைகிற வேலை எதற்குமே யாருக்கும் பணம் கொடுக்க மனசு வராது.

இதெல்லாம் வேலை பிடிக்கச் சொல்வதில்லை, உங்கள் ஊருக்கு நான் வரப்போவதும் இல்லை. கேட் 6 லேன் கேபிள் பெட்டி வாங்கும்போது காசு கொடுக்கும் முன் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கரண்ட் பைப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும், கூடவே ஓட வேண்டாம். ஜாக் அடிக்கும்போது முறுக்கை அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்க விடாதீர்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்துவிட்டது என்று காட்டுவார்கள். ஜோடி மாறியிருந்தாலும் அது எரியும். இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியும் 568பி என்கிற ஒரே நிற வரிசையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசுவதற்கு முன் சுவரைப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு டிவி மாட்ட டிரில் போட வருகிறவருக்குக் காட்ட வேண்டியிருக்கும்.