ஒரு லைசென்ஸ் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 12 பேர். வாரத்தில் இரண்டு நாள் வாடிக்கையாளர்களோடு ஜூமில் பேசுகிறோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. 12 பேருக்கும் லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறார் விற்பனையாளர். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 40 நிமிடக் கெடு மீட்டிங்கை நடத்துபவரின், அதாவது ஹோஸ்டின், கணக்குக்குத்தான். அவரிடம் ப்ரோ என்ற கட்டண லைசென்ஸ் இருந்தால் ஒரே மீட்டிங் 30 மணி நேரம் வரை ஓடும், 100 பேர் சேரலாம். மற்றவர்கள் இலவசக் கணக்கில் இருந்தாலும், கணக்கே இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஒரே நேரத்தில் எத்தனை மீட்டிங் நடக்கும் என்பதை. ஒரு ப்ரோ லைசென்ஸில் ஒரு சமயத்தில் ஒரு மீட்டிங்தான். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டு இன்னொருவர் அடுத்ததைத் தொடங்கினால், நடந்துகொண்டிருப்பதை முடிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்தினால் அங்கே வாடிக்கையாளர் பாதிப் பேச்சில் வெளியே போய்விடுவார். லைசென்ஸ் வைத்திருக்கும் முதலாளி வராத நாளுக்காகவும் இரண்டாவது லைசென்ஸ் தேவையில்லை. ஜூம் இணையதளத்தில் அவருடைய ப்ரொஃபைல் பக்கத்தில் ‘ஹோஸ்ட் கீ’ என்று ஓர் எண் இருக்கும். ஹோஸ்ட் வருமுன்பே மற்றவர்கள் நுழையலாம் என்ற அனுமதியைப் போட்டுவைத்து, மீட்டிங்குக்குள் ‘கிளெய்ம் ஹோஸ்ட்’ அழுத்தி அந்த எண்ணைக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும்.

கூகுளின் மீட் வீடியோ அழைப்பு அடங்கிய வொர்க்ஸ்பேஸில் இப்படி எண்ண முடியாது. அது மெயிலோடு சேர்ந்த பொருள், ஆளுக்கு ஆள் கட்டணம். அதன் ஆரம்ப பிளானான ஸ்டார்ட்டரில் மீட்டிங்கைப் பதிவு செய்யவும் வழியில்லை. ஸ்டாண்டர்டுக்குப் போனால்தான் உண்டு. எதை வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாங்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பில்லில் அந்த எண் ஏறாவிட்டால் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) திரும்பப் பெற முடியாமல் போகும் என்று உங்கள் அலுவலகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: மீட்டிங் முடிந்ததும் ஏஐ தானே குறிப்பு எழுதித் தரும் என்கிறார்களே. நாங்கள் பேசுவது தமிழில். அதற்காகப் பெரிய பிளானுக்கு மாறலாமா?

பதில்: சோதித்துப் பார்க்காமல் மாறாதீர்கள். ஜூமில் குறிப்பெழுதும் ஏஐ கம்பேனியன் 2023 செப்டம்பர் முதல் கட்டண பிளான்களோடு சேர்ந்தே வருகிறது, தனிக்காசு இல்லை. கூகுள் 2025 ஜனவரியில் தன் ஏஐயான ஜெமினியை வொர்க்ஸ்பேஸுக்குள் சேர்த்து, விலையையும் ஏற்றியது. கூகுள் மீட்டில் குறிப்பெடுக்கும் வசதி 2024-இல் முதலில் ஆங்கிலத்துக்கு மட்டுமே வந்தது.

சிக்கல் தமிழ் என்பதல்ல, நாம் பேசும் தமிழ். “ரிட்டர்னை இருபதாம் தேதிக்குள்ள ஃபைல் பண்ணிடுங்க” என்போம். மென்பொருளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலச் சொல் சிதையும், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றதெல்லாம் சிதையும். ஒரு மாத பிளான் எடுத்து, மூன்று பேர் பத்து நிமிடம் வழக்கம்போலப் பேசுங்கள். நடுவே ஐந்து தொகை, மூன்று பெயர், இரண்டு தேதி சொல்லுங்கள். குறிப்பில் அந்தப் பத்தையும் சரிபாருங்கள். தொகை ஒன்று பிசகினாலும் உங்கள் தொழிலுக்கு அது ஆகாது. குறிப்பு யார் யாருக்குத் தானாக மெயிலில் போகும் என்ற அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜூமில் கர்நாடக சங்கீதம் சொல்லித் தருகிறேன். சுருதிப் பெட்டி மாணவர்களுக்குக் கேட்பதே இல்லை. 8,000 ரூபாய் மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தவறு மைக்கில் இல்லை. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை ஜூம் மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடுகிறது. சுருதி அப்படிப்பட்ட ஒலிதானே! ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் குரலே தேய்ந்து போவதும் இதனால்தான்.

கணினியில் செட்டிங்ஸ், ஆடியோ என்று போய், ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே ‘ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’ போடுங்கள். பிறகு வகுப்புக்குள் நுழைந்ததும் திரையின் மேல்பகுதியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ ஆன் என்று காட்டுகிறதா பாருங்கள். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் ஒலி இன்னும் தெளியும், ஆனால் அப்போது இயர்ஃபோன் கட்டாயம். ஒயர் உள்ளதாகப் பாருங்கள். ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது தரம் இறங்கும், தாமதமும் கூடும். மாணவர் தம் வீட்டில் சுருதி வைத்துப் பாடினால் அவரும் இதையே செய்ய வேண்டும்.

சேர்ந்து பாடுவதும் தாளம் போடுவதும் மட்டும் எந்த மைக்கிலும் நடக்காது. இணையத் தாமதம் விடாது. ஒருவர் பாட, மற்றவர் வாங்கிப் பாடுவதுதான் வழி.

கேள்வி: மீட்டிங் ஆப்பை நீக்கிய பிறகும் கார்டில் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. எங்கே வாங்கினீர்களோ அங்கே ரத்து செய்ய வேண்டும்: இணையதளத்தில் வாங்கியிருந்தால் அதன் பில்லிங் பக்கத்தில், பிளே ஸ்டோரில் வாங்கியிருந்தால் பிளே ஸ்டோரில். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வரவேண்டும். அந்தச் செய்தியிலேயே நிறுத்தும் வழியும் இருக்கும். கிளவுடில் (அவர்களுடைய இணையச் சேமிப்பில்) உள்ள மீட்டிங் பதிவுகளை முதலில் இறக்கிக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள்.