பெஷாவரின் பிலோர் குடும்பம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2008இல் பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கில் தாலிபான்களுடன் அவாமி தேசியக் கட்சியின் மாகாண அரசு உடன்பாடு செய்துகொண்டது பிழையா? அதில் முன்னின்ற பஷீர் அகமது பிலோரையே பின்னர் பாகிஸ்தான் தாலிபான்கள் கொன்றனர். அவருக்குப்பின் மகன், மருமகள் என்று நீள்வதைப் பார்த்தால் இதுவும் வழக்கமான வாரிசு அரசியல்தான் என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பஷீர் பிலோரைப் பற்றிச் சில காலமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடைசி வரி என்னை இவ்வளவு வருத்தியது. பெஷாவர் நகரிலிருந்து ஐந்து முறை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். 2008இல் அமைந்த அரசில் மூத்த அமைச்சர். குண்டு வெடித்த இடங்களுக்கு நேரில் சென்று நின்றவர், தம்மீதான தாக்குதல்களில் தப்பிய பிறகும் மக்களைச் சந்திப்பதை நிறுத்தவில்லை. 2012 டிசம்பர் 22 அன்று கிஸ்ஸா கவானி கடைத்தெருவை அடுத்த பகுதியில் கட்சிக்கூட்டம் முடிந்து புறப்படுகையில் தற்கொலைத் தாக்குதலில் உயிரிழந்தார். 1930 ஏப்ரல் 23 அன்று ‘எல்லை காந்தி’ கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்கள் வெறுங்கையோடு பிரிட்டிஷ் துப்பாக்கிகளை எதிர்கொண்டதும் அந்தக் கடைத்தெருவில்தான்.

இந்தக் குடும்பம் எதை வாரிசாகப் பெற்றது என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? பஷீரின் அண்ணன் குலாம் அகமது பிலோரின் மகன் 1997 தேர்தலின்போதே கொல்லப்பட்டார். 2013 தேர்தலில் தாலிபான்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு அவாமி தேசியக் கட்சியின் கூட்டங்களைத் தாக்கினார்கள். 2018 ஜூலை 10 அன்று, யக்காதூத் பகுதியில் வாக்குக் கேட்கச் சென்ற பஷீரின் மகன் ஹாரூன், இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட தாக்குதலில் பலியானார். தள்ளிவைக்கப்பட்ட அந்தத் தொகுதியின் தேர்தல் அக்டோபரில் நடந்தபோது அவருடைய மனைவி ஸமர் ஹாரூன் பிலோர் போட்டியிட்டு வென்றார். கணவனைக் கொன்றவர்கள் நடமாடும் தெருக்களிலேயே வாக்குக் கேட்ட ஒரு பெண்ணை, பதவியும் பணமும் கைமாறும் இடங்களுக்கென்று நாம் வைத்திருக்கும் அளவுகோலால் அளப்பது சோம்பேறித்தனம். அதைவிடக் கடுமையாகச் சொல்வதென்றால், இரக்கமின்மை. ஒரே குடும்பத்துக்குள் தொகுதி தங்கிவிடுவது ஜனநாயகத்துக்கு இழப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வேட்பாளராக நிற்பதே மரணத்துக்கு முகவரி கொடுப்பதாகிவிட்ட ஊரில், அந்த இழப்புக்கான பொறுப்பு முதலில் கொன்றவர்களுடையது.

பிலோர் குடும்பத்தைக் குறைகூற வேண்டுமென்றால் உண்மையான காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பரில், மத்திய ரயில்வே அமைச்சராக இருந்த குலாம் பிலோர், இஸ்லாத்தை இழிவுபடுத்திய ஒரு படத்தை எடுத்தவரைக் கொல்பவருக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். கட்சி அதிலிருந்து விலகி நின்றது. கஃபார் கானின் அகிம்சையை மரபாகக் கொண்ட கட்சியின் தலைவர் ஒருவர் கொலைக்கு விலை வைத்தது வெட்கக்கேடு. இதையல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

ஸ்வாட் உடன்பாடு நிலைக்கவில்லை. 2009இல் ராணுவ நடவடிக்கை தொடங்கி லட்சக்கணக்கானோர் வீடிழந்து வெளியேறினார்கள். ராணுவம் மாகாண அரசின் கையில் இல்லை. அந்த நிலையில் மாகாண அரசு முதலில் பேசிப் பார்த்ததை நான் பிழையென்று கருதவில்லை.