பெரிக்: பாலத்தைத் தாண்டினால் ஸ்காட்லாந்தா?

கே: எடின்பரோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். ட்வீட் நதிக்கரையில் ‘பெர்விக்’ என்ற எல்லை ஊரைப் பார்க்கச் சொல்கிறார்கள். பாலத்தில் பாஸ்போர்ட் கேட்பார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: யாரும் கேட்க மாட்டார்கள். பிரிட்டன் விசா இரண்டு பக்கமும் செல்லும். அதோடு, அங்கே ஆற்றின் இரு கரையுமே இங்கிலாந்துதான். எல்லைக் கோடு ஊருக்கு வடக்கே ஏறக்குறைய 5 கி.மீ. தள்ளி இருக்கிறது. 1850-ல் திறந்த 28 வளைவு ரயில் பாலத்துக்கு ‘ராயல் பார்டர்’ என்று பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள். ஆறே எல்லையாக ஓடுவதைப் பார்க்க, ஹார்ன்கிளிஃப் பக்கத்தில் 1820-ல் கட்டிய யூனியன் சங்கிலிப் பாலத்துக்குப் போங்கள். அதில் ஒரு முனை இங்கிலாந்து, மறு முனை ஸ்காட்லாந்து.

ஊர்ப் பெயரை ‘பெரிக்’ என்று சொல்லுங்கள். டிக்கெட் எடுக்கும்போது ‘அப்பான் ட்வீட்’ என்பதையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். எடின்பரோவிலிருந்து ‘நார்த் பெரிக்’ என்ற வேறொரு ஊருக்கும் ரயில் உண்டு. சரியான ரயில் என்றால் முக்கால் மணி நேரப் பயணம். இடது பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்.

கே: பெரிக் ஊரைச் சுற்றியுள்ள கோட்டைச் சுவரை முழுக்கச் சுற்ற முடியுமா? பேரனும் வருகிறான். (வாசகர், மதுரை)

ப: முடியும். சுற்று சுமார் 2 கி.மீ., கட்டணம் இல்லை. ஸ்காட்ஸ்கேட் வாசலில் ஏறி, கடல் பக்கமாகச் சுற்றி, கடைசியில் ஆற்றங்கரைக்கு வாருங்கள். 1624-ல் முடிந்த 15 வளைவுக் கல் பாலம் அங்கே நிற்கிறது.

பேரன் கையை விடாதீர்கள். 1558-ல் தொடங்கிய இந்தச் சுவர் பீரங்கிக்காகக் கட்டியது. வெளியே கல், உள்ளே மண் நிரப்பு. குண்டு வந்தால் மண் வாங்கிக்கொள்ளும். அந்த மண்மேட்டில் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. மேலே நின்று பார்த்தால் புல்வெளி தொடர்ந்து போவது போலவே இருக்கும். பல அடி ஆழப் பள்ளம் விளிம்புக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். பல இடங்களில் தடுப்புக் கம்பியும் இல்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள், இருட்டில் போகவே வேண்டாம்.

ரயில் நிலையத்தையும் கவனியுங்கள். 1292-ல் ஸ்காட்லாந்து அரியணை ஜான் பேலியலுக்கு என்று இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் தீர்ப்புச் சொன்ன கோட்டை மண்டபம் இருந்த இடம் அது. ரயிலுக்காக அந்தக் கோட்டையை இடித்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கே: அதே நாளில் லிண்டிஸ்ஃபார்ன் தீவையும் பார்த்துவிடலாமா? (வாசகர், கோவை)

ப: அதைக் கடல்தான் முடிவு செய்யும். தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை நீரில் மூழ்கும். நார்தம்பர்லேண்ட் கவுன்டி கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேர அட்டவணையை முதலில் பாருங்கள். பஸ் நேரமும் அலையைப் பொறுத்தே நாளுக்கு நாள் மாறும். சிக்கிக்கொள்பவர்கள், கரைப் பக்கம் காய்ந்திருப்பதை நம்பிக் காரை இறக்குபவர்கள். வழியில் உள்ள பள்ளமான ஓடையில்தான் தண்ணீர் முதலில் ஏறும். நேரம் ஒத்துவரவில்லையா, தீவை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

கே: பெரிக் இன்னும் ரஷ்யாவோடு போரில் இருக்கிறதாமே? (வாசகர், சேலம்)

ப: கட்டுக்கதை. கிரிமியப் போர் அறிவிப்பில் பெரிக்கின் பெயரைத் தனியாகச் சேர்த்தார்கள், சமாதான ஒப்பந்தத்தில் விட்டுவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். ‘இங்கிலாந்து’ என்றாலே பெரிக்கும் அடக்கம் என்று 1746-லேயே சட்டம் வந்துவிட்டது.