வெள்ளக்கல் பக்கம் போர் தண்ணீரில் படலம்: எண்ணெயா, இரும்பா?

வணக்கம். மதுரை வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் வீடு, போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவு, ராத்திரி குடத்தில் வைத்தால் காலையில் மஞ்சளாகி மேலே எண்ணெய் மாதிரி மினுங்குகிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தப் படலத்தை ஒரு ஈர்க்குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது எண்ணெய் இல்லை. இரும்பும் இரும்புப் பாக்டீரியாவும் சேர்ந்த படலம். உடனே கூடிக்கொண்டால்தான் எண்ணெய். குப்பையிலிருந்து ஊறும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கினால், அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மண்ணிலுள்ள இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும்; அப்போது மண்ணின் இரும்பு தண்ணீரில் கரைந்துவிடும். அப்படிக் கரைந்த இரும்புதான் காற்றுப் பட்டதும் துருவாகிறது. அழுகிய முட்டை வாடையும் அடித்தால் சல்பேட் வரை போயிருக்கலாம்.

குப்பையே இல்லாத ஊரிலும் இரும்புத் தண்ணீர் உண்டு. ஆனால் அம்மோனியாவும் குளோரைடும் சேர்ந்து ஏறியிருந்தால் குப்பைக் கழிவுநீர்தான் என்ற சந்தேகம் வலுக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் இவற்றோடு நைட்ரேட்டும், மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியாவான ஈ.கோலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் குறையாது, கூடத்தான் செய்யும்.

முடிவு வரும்வரை பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைக்காதீர்கள், தயவுசெய்து.