லினக்ஸ் சர்வர் இணைப்புச் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேள்வி: சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடுகிறது, வேறு கணினியிலிருந்து 5432 போர்ட்டில் இணைய முடியவில்லை. ஃபயர்வாலை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இணைப்பு எவ்வாறு தோற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால், பாக்கெட் சர்வரை எட்டிவிட்டது, அந்த முகவரியில் அதை ஏற்க எந்த நிரலும் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று சொல்லும் எஸ்எஸ் (ss) கட்டளை 127.0.0.1:5432 என்று காட்டினால், போஸ்ட்கிரெஸ் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கிறது. அதன் இயல்பு அமைப்பே அதுதான். மாறாக, நெடுநேரம் காத்திருந்து 'டைம் அவுட்' ஆனால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமின்றிக் கைவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். அது உங்கள் சர்வரில்தானா என்பதை பாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் டிசிபிடம்ப் (tcpdump) கருவி காட்டிக்கொடுக்கும். உள்ளே வரும் பாக்கெட்டுகளை அது ஃபயர்வால் விதிகளுக்கு முன்பே பார்த்துவிடுவதால், அங்கே பாக்கெட் தெரிந்தும் பதில் போகவில்லையென்றால் உங்கள் விதிகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்ற செய்தி பலரை வீணாக ரூட்டிங் அட்டவணையைத் துழாவ வைக்கிறது. பிங் போகும்போதும் இச்செய்தி வந்தால், ஃபயர்வால்டி (firewalld) என்ற ஃபயர்வால் நிரல் அனுப்பும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) மறுப்பாகவே அது இருக்கக்கூடும்.

கேள்வி: ஃபயர்வால்டியில் 'பெர்மனென்ட்' என்று குறிப்பிட்டு விதி சேர்த்தேன், 'சக்சஸ்' என்றது, போர்ட் மட்டும் திறக்கவில்லை.

பதில்: அந்த விதி கோப்பில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது, ரீலோட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். பிறகும் திறக்கவில்லையெனில், உங்கள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வேறு ஸோனில் (தனி விதித்தொகுப்பில்) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: யூஎஃப்டபிள்யூ (ufw) ஃபயர்வாலில் மூடிய போர்ட், நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனிச்சூழலில் இயக்கும் டாக்கர் வழியாக வெளியே திறந்தே இருக்கிறதே?

பதில்: டாக்கர் வெளியிடும் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டின் முகவரி முதலிலேயே மாற்றப்பட்டு, அது ஃபார்வர்ட் பாதையில் கண்டெய்னருக்குச் செல்கிறது, யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் எழுதிய விதியோ சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் பாதையில் காத்திருக்கிறது. உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு மட்டுமென்றால் போர்ட்டை 127.0.0.1 முகவரியில் வெளியிடுவதே எளிது; வெளியாரில் சிலருக்கு மட்டும் அனுமதி தர வேண்டுமானால் விதியை டாக்கர்-யூசர் (DOCKER-USER) என்ற விதிச் சங்கிலியில் எழுதுங்கள்.

கேள்வி: நெட்வொர்க் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றியதும் உபுண்டு சர்வரில் இணைப்பே இல்லை.

பதில்: 2013-இல் வந்த சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) 197-ஆம் பதிப்பு முதல், இன்டர்ஃபேஸின் பெயர் பொதுவாக அது அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது, இடம் மாறியதால் பெயரும் மாறியிருக்கும். புதிய பெயரை 'ஐபி லிங்க்' காட்டும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் கோப்பில், கார்டின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைக் கொண்டே கார்டை அடையாளம் காட்டிவிட்டால் இத்தொல்லை திரும்பாது. தொலைவிலிருந்து மாற்றுபவர்கள் 'நெட்பிளான் ட்ரை' கட்டளையையே பயன்படுத்துங்கள். 120 வினாடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும்.